மேட்டுத் தெருவுக்கு அரை நிமிடம் தாமதம்

(உதகை காந்தலில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் படியில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைக் ‘கால்பந்து ஆர்வலர்’ என்று அறிமுகம் செய்தார்கள். அது மரியாதைக்குச் சொன்னது. நான் கேபிள்காரன். 1993-ல் ஆரம்பித்து 19 வருஷம் இந்தக் காந்தலில் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்தவன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குச் சந்தா பாக்கி. யார் யார் என்று சொல்ல மாட்டேன். முன்வரிசையைப் பார்க்காமலே பேசிவிட்டுப் போகிறேன்.

2026 ஜூன் 11-ம் தேதி உலகக் கோப்பை தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் சேர்த்து 48 அணிகள், 104 ஆட்டங்கள். இறுதி ஆட்டத்துக்கு முதல் விற்பனையிலேயே உச்ச விலை 6,730 டாலர் வைத்தார்கள். நம் பணத்தில் ஆறு லட்சம் பக்கம் வருகிறது. ஆகவே ‘டிக்கெட் இல்லாமல் உலகக் கோப்பை’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்ததில் தப்பே இல்லை. காந்தலில் இதுவரை யாரும் வேறு விதமாகப் பார்த்ததில்லை.

1986-லிருந்து தொடங்குகிறேன். ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். மெக்சிகோவில் நடுப்பகல் 12 மணி என்றால் நமக்கு ராத்திரி பதினொன்றரை. அஸ்டெகா மைதானத்தில் 1,14,580 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். இங்கே எச்.பி.எஃப். ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நாற்பது பேர் வாங்காமல் உட்கார்ந்திருந்தோம். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கறுப்பு வெள்ளை சாலிடேர் டிவி, முன்னால் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. எனக்கு வயது 14.

வாங்காமல் என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. அந்த வீட்டு அம்மா வாசலில் நிற்பார். ஆளுக்கு ஒரு விறகுக் கட்டை கொண்டுவர வேண்டும், கணப்புச் சட்டிக்கு. ஊட்டியில் ஜூன் மாதச் சாரலில் காய்ந்த விறகு எங்கே கிடைக்கும்? ஈரக்கட்டை கொண்டுவந்தவனைப் பார்த்து, “பொகையிற கட்டைக்கு வெளியதான்டா எடம்” என்பார். நான் கொண்டுபோனது ஈரம். முதல் பாதியை ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தேன்.

கூரை மேலே ஒரு பையன். ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. “வந்துச்சா?” “இல்ல.” “இப்ப?” “வந்துச்சு, அப்படியே நில்லு.” அப்படியே நின்றான், ஆட்டம் முடிகிற வரைக்கும், கொட்டுகிற பனிமூட்டத்தில். 51-வது நிமிடம் மரடோனா கையால் தட்டிய கோல் விழுந்தபோது அது கை என்று எங்கள் யாருக்கும் தெரியாது. திரையில் பாதி புள்ளி, பாதி ஆட்டம். இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டன் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடுகிறார் என்று நாங்களும் யோசித்தோம். மைதானத்திலேயே நின்ற துனீசிய நடுவருக்குத் தெரியவில்லை, எங்களைக் குறை சொல்லக் கூடாது. நாலே நிமிடத்தில் அடுத்தது. தன் பாதி மைதானத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி, வந்தவனை எல்லாம் ஏமாற்றிப் போட்ட அந்தக் கோல். வீடே எழுந்து நின்றது. கணப்பை யாரோ மிதித்துவிட்டான்.

கூரையில் இருந்த பையன் இரண்டு கோலையும் பார்க்கவில்லை. ஆனால் “நானும் பார்த்தேன்” என்று இன்று வரைக்கும் சண்டை போடுவான். ரொம்ப நாள் அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். 2022-க்குப் பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாற்பது பேருக்கு டீ போட்ட அந்த அம்மாவும் ஒரு கோலையும் பார்க்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

கேபிள் வந்த பிறகு கதை மாறியது. ஒரு கன்ட்ரோல் ரூம், மொட்டை மாடியில் டிஷ், அங்கிருந்து கம்பம் கம்பமாகப் போய் நானூறு வீடு. குரங்கு ஒயரில் ஊஞ்சல் ஆடும், காட்டுமாடு ஸ்டே கம்பியில் முதுகு சொறியும், கனெக்டரில் தண்ணீர் இறங்கும். உலகக் கோப்பை மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் வந்தது, கொரியா ஜப்பான் என்பதால் பகல் ஆட்டம், அந்த மாதம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு எப்படி இருந்தது என்பதை இங்கே இருக்கிற வாத்தியார்கள் சொல்லட்டும்.

2014-ல் நான் தொழிலை விட்டாயிற்று. பிரேசில் ஜெர்மனி அரையிறுதி, நமக்கு ஜூலை 9 விடியற்காலை ஒன்றரை மணி. காற்று மழை. ஜெர்மனியின் முல்லர் முதல் கோல் போட்டதும் கரண்ட் போய்விட்டது. எங்கோ மரம் லைன் மேல் சாய்ந்திருக்கிறது. இருபது நிமிடம் கழித்து வந்தால் திரையில் 0–5 என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் டிவியை ஒரு தட்டுத் தட்டினார், கோளாறு என்று. 23-வது நிமிடத்திலிருந்து 29-க்குள் நாலு கோல் போட்டிருக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்? பைக்காராவிலும் குந்தாவிலும் தண்ணீரை விழவைத்துச் சமவெளிக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற மலை இது. கொழும்புத் திட்டம் என்று நாடுகள் சேர்ந்து நடத்திய உதவித் திட்டத்தில் குந்தாவைக் கட்ட நமக்குக் கை கொடுத்தது கனடா. இந்தத் தடவை டொரன்டோவிலும் வான்கூவரிலும் ஆட்டம் நடக்கும்போது கரண்ட் போனால், கனடாக்காரன் கொடுத்த மெஷினே கனடா ஆட்டத்தைக் காட்டவில்லை என்று ஆகும்.

சரி, 2022. டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி எட்டரை. அர்ஜென்டினாவும் பிரான்சும், இறுதி ஆட்டம். உறைபனி விழுகிற மாதம். மேட்டுத் தெருவில் என் அக்கா மகன் வாடகைக்கு புரொஜெக்டர் எடுத்து, புதிதாக வெள்ளையடித்த சுவரில் படம் விட்டான். செல்போனில் இலவசமாக ஓடுகிற ஆட்டத்தை அதில் மாட்டிவிட்டான். படம் கண்ணாடி மாதிரி. தெருவில் அறுபது எழுபது பேர். கம்பளி, குல்லா, தகர டின்னில் தீ. அவரவர் வீட்டு வாசல் என்பதால் பெண்களும் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். பள்ளத்து டீக்கடையில் பழைய டிவி, கேபிள் கனெக்‌ஷன், இருபது பேர். அவர்களைப் பார்த்து எங்களுக்கு இரக்கம்.

23-வது நிமிடம் பெனால்டி. சுவரில் மெஸ்ஸி பந்துக்குப் பின்னால் இப்போதுதான் வந்து நிற்கிறார். கீழே டீக்கடையில் ‘ஓ’ என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு மெஸ்ஸி அடித்தார். கோல். கத்தினோம், ஆனால் ஊர்க் கல்யாணத்தில் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. 36-வது நிமிடம் டி மரியா போட்டது அந்த ஆட்டத்திலேயே அழகான கோல். பந்து எங்கள் சுவரில் இன்னும் அர்ஜென்டினா பாதியில் இருக்கிறது, கீழே முடிந்துவிட்டது.

அப்புறம் வந்தது 80-வது நிமிடம். பிரான்சின் எம்பாப்பே முதல் கோல், 97 வினாடியில் இரண்டாவது. கீழே ‘ஐயோ’. நாங்கள் அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து ‘ஐயோ’. எங்கள் ‘ஐயோ’ அடங்கி, பரவாயில்லை இன்னும் ஒரு கோல் முன்னாடிதானே இருக்கிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே மறுபடி ‘ஐயோ’. “கீழ இப்பதான் மொதக் கோலப் பாக்குறானுங்க போல” என்றான் ஒரு தம்பி. அது இரண்டாவது. எதிர்மலையில் பட்டு எதிரொலி வேறு வருகிறது. எந்த கோலுக்கு எந்தச் சத்தம் என்று கணக்குப் போடவே ஆள் வேண்டியிருந்தது.

தொழில்காரன் என்பதால் காரணம் சொல்கிறேன். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் அங்கே ஏறி இறங்கக் கால் வினாடிதான் ஆகும். என் பழைய கன்ட்ரோல் ரூமிலிருந்து நானூறு வீட்டுக்கும் ஒரே கண்சிமிட்டலில் போய்ச் சேரும். கோல் விழுந்தால் காந்தல் முழுக்க ஒரே சத்தம். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு சில வினாடி கூடியது. செல்போனில் வருவது வேறு சமாச்சாரம். ஆட்டத்தைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக அனுப்பி, நடுவில் நின்றுவிடக் கூடாது என்று போன் நாலைந்து துண்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு அதன் பிறகுதான் காட்டும். அதில் அரை நிமிடம் போய்விடும். தனியாகப் பார்க்கிறவனுக்கு அந்த அரை நிமிடத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. பக்கத்துத் தெருவில் இன்னொருவன் பார்க்கும்போதுதான் அது தெரியும்.

கூடுதல் நேரத்தில் பையன்கள் ஒவ்வொருவராகப் பள்ளத்துக்கு இறங்கினார்கள். பெனால்டி ஷூட் அவுட் வந்தபோது நானும் இறங்கிவிட்டேன். இருபது பேர் கடையில் எண்பது பேர். எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர், ஆறடி. அவர் மப்ளரைத் தவிர நான் ஒன்றும் பார்க்கவில்லை. அர்ஜென்டினாவின் மொண்டியெல் கடைசிப் பெனால்டியை அடித்தபோது வந்த சத்தம் என் நெஞ்சுக்குள்ளேயே வந்த மாதிரி இருந்தது. யாரையோ கட்டிப்பிடித்தேன், யார் என்று தெரியாது. கண்ணாடி மாதிரிப் படத்தை விட்டுவிட்டு ஒன்றும் தெரியாத இடத்தில் வந்து நின்று, நானும் பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூரைப் பையனிடம் அதற்குப் பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கிண்டல் பண்ணுவது?

மேலே சுவருக்கு முன்னால் கடைசியாக மிஞ்சியது பெண்களும் சின்னக் குழந்தைகளும்தான். ராத்திரி பதினொன்றரைக்கு டீக்கடை முன்னால் வந்து நிற்க முடியுமா என்று என் அக்கா மறுநாள் கேட்டாள். ஜெயித்ததைக் கீழே இருந்து வந்த சத்தத்தில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அரை நிமிடம் சும்மா பார்த்தோம் என்றாள். அந்த விறகு வாங்கிய அம்மா கதைக்கும் இதற்கும் முப்பத்தாறு வருஷம். நாங்கள் அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறோம்.

அதனால் இந்த வருஷத்துக்கு ஒரு யோசனை. அர்ஜென்டினா, பிரேசில் கட்டவுட் எவ்வளவு உயரம் என்று அப்புறம் பேசலாம். கோழிக்கோடு பக்கம் புள்ளாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் வைத்தார்கள், அவர்களோடு போட்டி போட நமக்கு ஆறும் இல்லை. எர்ணாகுளம் அருகே முண்டக்காமுகளில் 17 பேர் சேர்ந்து 23 லட்சத்துக்கு ஒரு வீடே வாங்கினார்கள், ஆட்டம் பார்க்க. பெர்லினில் உனியன் என்கிற கால்பந்து கிளப் 2014-ல் தன் மைதானத்துக்குள் ஆட்களை வீட்டு சோபாவோடு வரச் சொன்னது, நூற்றுக்கணக்கில் சோபா வந்திறங்கியது. நமக்கு இந்தத் தெருப் படியில் சோபா இறங்காது. சமுதாயக் கூடம் போதும்.

இறுதி ஆட்டம் அங்கே ஜூலை 19 மாலை மூன்று மணி, நமக்கு 20-ம் தேதி திங்கள் பிறந்து பன்னிரண்டரை. மழைக்காலம், ஆகவே சுவர் வேலைக்காகாது. ராத்திரி 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை, கூடத்துக்குள் டிவி சத்தமே போதும். காசு வசூலித்தால் உரிமம் அது இது என்று வரும், வசூல் வேண்டாம். கூடத்துக்குள் ஒரே ஒரு கனெக்‌ஷன், அது கேபிள். செல்போனில் பார்க்கிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள், இல்லையென்றால் போனை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். முன்வரிசை பெண்களுக்கு. டீ ஆண்கள் போடட்டும், கெட்டுப்போனால் குடிப்போம்.

ஒயர் என் வீட்டுப் பரணில் இன்னும் ஒரு சுருள் கிடக்கிறது, நானே இழுத்துத் தருகிறேன். ஜெனரேட்டர் யார் வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். அவரும் இந்த முன்வரிசையில்தான் இருக்கிறார். அண்ணா, பழைய பாக்கியை நான் கேட்கவே மாட்டேன், அன்றைக்கு ராத்திரிக்கு டீசல் மட்டும் போட்டுவிடுங்கள்.