ராயபுரத்தைக் காப்பது நிற்கும் சுவரே!

நடுவர் அவர்களே! 'பழைய ரயில் நிலையத்தின் வரலாற்றைக் காப்பது ஓடும் ரயிலா, நிற்கும் சுவரா?' என்ற வழக்கில் நாங்கள் சுவரின் கட்சி. 'ரயில் இல்லாத நிலையம் வெறும் செங்கல் குவியல்' என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தோழர். கைதட்டலும் பலமாகத்தான் விழுந்தது.

1853 ஏப்ரல் 16-இல் மும்பையின் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் போனது. அந்தத் தடத்தில் இன்று ரயிலுக்கா பஞ்சம்? ஆனால், அன்றைய நிலையக் கட்டடம் எங்கே? இல்லை!

நம்ம சென்னை ராயபுரத்துக்கு வாங்க. 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ஆற்காட்டுக்குப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையம் வரை, சுமார் 100 கி.மீ., வண்டி ஓடியது. 1873-இல் சென்ட்ரல் வந்தது. பெரிய வண்டிகளெல்லாம் பிறகு அந்தப் பக்கம் போய்விட்டன. வண்டி கைவிட்டது, தூண் கைவிடவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கே புறப்பட்டது என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தத் தூண் வரிசையைத்தானே காட்டுகிறோம்?

'சுவர் தானாகவா நிற்கிறது?' என்பார்கள். இல்லைதான். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். பூச்சு பெயர்ந்த இடத்தில் அவசரத்துக்குச் சிமென்ட் அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, அதன் முகத்தைப் பொடியாக உதிர்க்கும். சிமென்ட் என்னவோ கெட்டியாகத்தான் இருக்கும், பின்னால் செங்கல் இருக்காது! சுண்ணாம்பை நீற்றி ஊற வைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து அரைத்து, ஒரு பூச்சு அரை அங்குலம் தாண்டாமல் பூச வேண்டும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். வெயிலில் விட்டால் வெடித்துவிடும். அரசங்கன்று முளைத்தால் தலையை மட்டும் வெட்டிப் பயனில்லை. வேரோடிய செங்கல்லைப் பிரித்து, வேரை எடுத்து, திரும்பக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. ரயிலின் வசதிக்கென்று நடைமேடையை உயர்த்தி, கான்கிரீட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், தரையின் ஈரம் போக வழியின்றிச் சுவரில் ஏறும். சுவரோரம் ஒரு சாண் விட்டுச் சரளை கொட்டினால் பாதித் தொல்லை தீரும். எதிரணியின் ரயில் அந்த ஒரு சாணாவது விட்டுக்கொடுக்குமா, கேட்டுச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!