கிறிஸ்துமஸ் விருந்தும் தீபாவளித் தட்டும்

நேயர்களுக்கு என் வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் என் மனத்தில் மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் சேர்ந்தே எழுகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் முருகனை வழிபடும் குடும்பங்கள் பலவற்றில் இந்த இரண்டும் இருக்கும் என்றே நம்புகிறேன்.

மகிழ்ச்சிக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுப் பொது விடுமுறைச் சட்டத்தில் உள்ள 12 நாள்களில் கிறிஸ்துமஸும் மறுநாளான நல்லெண்ண நாளும் உண்டு, தீபாவளி இல்லை. ஆகவே தீபாவளியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து விளக்கேற்றியவர்களில் பலர் அவசரமாக வேலைக்குப் புறப்படுகிறார்கள். டிசம்பரிலோ ஆலைகளும் பள்ளிகளும் மூடியிருக்க, ஜோகன்னஸ்பர்க் போன பிள்ளைகளும் ஊர் திரும்ப, குடும்பம் முழுவதும் கூடிவிடுகிறது.

மனத்தாங்கலைச் சொல்கிறேன். தீபாவளிப் பலகாரத்தை, சாமிக்குப் படைத்தது என்று தொட மறுக்கும் கிறிஸ்தவ உறவினர் வீட்டுக்குத்தான் நாங்கள் கிறிஸ்துமஸ் கேக் உண்ணப் போகிறோம். அவர்களுடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் திருப்பி அனுப்பப்பட்ட தட்டு மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழ்ந்த என் அத்தையை இங்கே நினைக்கிறேன். அவருடைய மகள் கிறிஸ்தவரை மணந்து ஞானஸ்நானம் பெற்றவர். முதல் தீபாவளிக்கு அனுப்பிய தட்டு, மேலே மூடிய துணிகூடக் கலையாமல் திரும்பி வந்தது. அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு முதல், முறுக்கும் அதிரசமும் சுட்டு இறக்கியவுடனே, படைப்பதற்கு முன்பாகவே, ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தார். "இது சாமிக்குக் காட்டாதது, பிள்ளைகளுக்குக் கொடு" என்று சொல்லி அனுப்பினார். படைப்பதற்கு முன்பாகவே என்பதைக் கவனியுங்கள். வைதிகமாக வாழ்ந்த அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது. அந்தத் தட்டு திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மகள் வீட்டு முற்றத்தில் பயறும் உருளைக்கிழங்கும் சேர்த்த பிரியாணி விறகடுப்பில் தயாராகி, உணவுக்கு முன் எல்லோரும் செபம் செய்கையில், அத்தையும் எழுந்து கைகூப்பி நிற்பார். "பிள்ளை சாமி கும்பிடும்போது நான் மட்டும் எப்படிம்மா உட்கார்ந்திருப்பேன்?" என்று என்னிடம் கேட்டார். இதே கேள்வியை எங்கள் தீபாவளி விளக்கின் முன் நிற்கும் உறவினரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) தமிழ்க் கீர்த்தனைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. இவ்வாண்டு விருந்தில் அவற்றுள் ஒன்றைப் பாடும்படி அத்தை மகளிடம் கேட்டிருக்கிறேன். பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.