முதலில் அணைந்தது பிரதமர் வீட்டு அடுப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நாட்டுக்காகத் தியாகம் செய்யும் மனம் மக்களுக்கு வருவது மண்பற்றாலா, தலைவர்களின் நடத்தையாலா என்பது இன்றைய தலைப்பு. தலைவர்களின் நடத்தையால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "பெற்ற தாயிடம் அன்பு வைக்கத் தலைவர் வந்து சொல்லித்தர வேண்டுமா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் அம்மா, அன்பு தானாகவே இருக்கும். அந்த அன்பு ஒருவேளைச் சோற்றையும் கழுத்துச் சங்கிலியையும் பெற்ற பிள்ளையையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு எப்போது துணிகிறது? நமக்குக் கொடுத்திருக்கும் கேள்வி அதுதான்.

1965. மழை பொய்த்த ஆண்டு. போதாக்குறைக்குப் பாகிஸ்தானோடு போர். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி நாடு உலை வைத்துக்கொண்டிருந்தது. வாஷிங்டனோ கையை இறுக்கிக்கொண்டு அளந்து கொடுத்தது. வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுவிடுங்கள் என்று மக்களைக் கேட்க நினைத்தார் அன்றைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. கேட்பதற்கு முன், இன்றிரவு சமைக்க வேண்டாம் என்று தம் மனைவி லலிதாவிடம் சொன்னார். தம் பிள்ளைகள் பசி தாங்குகிறார்களா என்று பார்த்த பிறகே நாட்டைக் கேட்டார். அவருடைய மகன் அனில் சாஸ்திரியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மாலைகளில் உணவகங்கள் கதவைச் சாத்தின. எத்தனையோ வீடுகளில் உலை ஏறவில்லை. யார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்கப் போலீஸ் வரவில்லை, நடுவர் அவர்களே!

அவர் சொன்னதை ஏன் நம்பினார்கள்? நம் அரியலூரைக் கேளுங்கள். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் சாஸ்திரி. ஆற்றில் வெள்ளத்தை வரவழைத்தவர் அவரா? இல்லை. ஆனாலும் பதவியை விட்டு இறங்கினார். பிரதமரான பிறகும் கடன் வாங்கித்தான் கார் வாங்கினார். அந்தக் கடன் தீருமுன் இறந்தார். இப்படிப்பட்டவர் "பட்டினி கிட" என்றால், ஏன் என்று கேட்க யாருக்கு நா எழும்?

1962இல் சீனாவிடம் தோற்றபோதும் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்களே, அப்போது எந்தத் தலைவர் முன்மாதிரி என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்விதான். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நகையைக் கொடுத்த நாடு அதே மூச்சில் கணக்கும் கேட்டது. நேருவுக்கு அத்தனை நெருக்கமான பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகும்வரை ஓயவில்லை. அதை ஏன் எதிரணி சொல்லாமல் விட்டது?

ஆப்கானிஸ்தானுக்கு வருகிறேன். தாலிபான்களோடு நடந்த இருபது ஆண்டுப் போரில் அந்நாட்டு வீரர்களும் காவலர்களும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொடுத்தார்கள். கோழைகள் அல்லர். ஆனால் இல்லாத சிப்பாய்களின் பெயரில் மேலே இருந்தவர்கள் சம்பளம் எடுத்தார்கள்; காவல் நின்றவனுக்கோ மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. நாடு தாலிபான் கையில் விழுந்ததற்கு அமெரிக்கா கைவிட்டதும் ஒரு காரணம்தான். 2021 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் அஷ்ரப் கனி ஹெலிகாப்டர் ஏறிவிட்டார். காபூலைக் காக்க ஒரு சண்டைகூட நடக்கவில்லை. யாருக்காகச் சண்டை போடுவான் அந்தச் சிப்பாய்?

ஆறு மாதம் கழித்து உக்ரைன். ரஷ்யப் படை கீவ் நகரை நெருங்குகிறது. அதிபர் ஓடிவிட்டார் என்று வதந்தி. 2022 பிப்ரவரி 25 இரவு, பிரதமரையும் உடன் நிறுத்திக்கொண்டு தெருவில் நின்று, "நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று காணொலி வெளியிட்டார் செலன்ஸ்கி. மக்கள் துப்பாக்கி வாங்க வரிசையில் நின்றார்கள். அதிபர் காணொலி போடுமுன்பே வரிசை தொடங்கிவிட்டது, அது மண்பற்று என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த மண்பற்று அடுத்த ஆண்டு எங்கே போயிற்று? படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகங்களில் பணம் கைமாறினால் விலக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்பது வெளியே வந்தது. 2023 ஆகஸ்டில் அந்த அலுவலகங்களின் மாகாணத் தலைவர்கள் அத்தனை பேரையும் செலன்ஸ்கியே பதவி நீக்கினார். போர்ச் சோர்வும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணக்காரன் மகன் தப்பிக்கிறான் என்று தெரிந்த பிறகு, ஏழைத் தகப்பன் தன் மகனை மட்டும் எந்த மனதோடு அனுப்புவான்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அதே மண், அதே எதிரி, அதே மக்கள். 2022இல் வரிசையில் நின்ற ஊரில் 2023இல் ஏன் லஞ்சம் கொடுத்து ஒதுங்கினார்கள் என்பதற்கு, மண்பற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்து வரும் எதிரணி நண்பர் விடை சொல்லட்டும். காது கொடுத்துக் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.