கில் மைனஸ் 9-க்கும் சாகாத ப்ராசஸ்

நேயர்களுக்கு வணக்கம். சர்வர்களோடு மல்லுக்கட்டுகிற பலரும் இந்த நிகழ்ச்சியைக் கேட்பதுண்டு என்று சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் இன்றைக்குக் கொஞ்சம் உள்விவரமாகவே பேசப்போகிறேன். பேசப்போவது லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் சர்வரில், கொன்றாலும் சாகாத ப்ராசஸைப் பற்றி. ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நள்ளிரவு. பேக்கப் எடுக்கும் ப்ராசஸ் ஒன்று, முடியவேண்டிய நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முதலில் மரியாதையாக வெறும் கில், அதாவது ப்ராசஸை நிறுத்தச் சொல்லும் கமாண்ட், கொடுத்தேன். அசையவில்லை. சரி என்று அதன் கடுமையான வடிவமான கில் மைனஸ் 9 கொடுத்தேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ் போட்டுப் பார்த்தால் அதே நம்பரோடு அது அங்கேயே இருக்கிறது. மறுபடி 9, மறுபடி 9. எட்டுத் தடவை அடித்திருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. டிஸ்க் நிறைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டி.எஃப் கமாண்டைக் கொடுத்தேன். அதுவும் போனது, திரும்பவில்லை. நிறுத்துவதற்கு அழுத்தும் கன்ட்ரோல் சி-க்கும் மசியவில்லை. இன்னொரு டெர்மினலைத் திறந்து மறுபடி டி.எஃப். அதே கதி. ஒன்றாக இருந்த சாகாத ப்ராசஸ் இப்போது மூன்று. அதில் இரண்டு நானே பெற்றவை.

கில் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. அந்தக் கமாண்ட் ஒரு சீட்டைக் கொண்டுபோய் கெர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், கொடுக்கிறது, அவ்வளவுதான். கெர்னல் அதை ப்ராசஸின் கணக்கில் குறித்து வைக்கிறது. அந்தச் சீட்டின் பெயர் சிக்னல். வெறும் கில் கொடுத்தால் போவது 15-ஆம் எண் சிக்னல். 'முடித்துக்கொள்ளப்பா' என்று கேட்பது அது. ப்ராசஸ் கேட்கலாம், காதில் போட்டுக்கொள்ளாமலும் இருக்கலாம். 9 அப்படியில்லை. அதை மறுக்கவோ தள்ளிப்போடவோ எந்த ப்ராசஸுக்கும் உரிமை கிடையாது. ஆனாலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கெர்னலுக்குள் ஏதோ வேலையாகப் போயிருக்கும் ப்ராசஸ், அந்த வேலை முடிந்து வெளியே காலெடுத்து வைக்கிற வாசலில்தான் சீட்டு பிரிக்கப்படும். சாதாரணத் தூக்கமென்றால் சிக்னல் அதைத் தட்டி எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்துவிடும். எழுப்பக்கூடாத தூக்கம் என்று ஒன்று உண்டு. அதில் மாட்டியிருந்தால் நீங்கள் எட்டு அல்ல, எண்பது தடவை அடித்தாலும் சீட்டு வாசலிலேயே கிடக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ப்ராக் என்ற டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸின் நம்பருக்குப் போய், ஸ்டேட்டஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். அதில் எஸ்.ஹெச்.டி-பி.என்.டி என்று ஒரு வரி இருக்கும். நிலுவையில் உள்ள சிக்னல்களின் கணக்கு அது. 16 இலக்கங்கள், வழக்கமாக எல்லாமே பூஜ்யம். 9-ஆம் சிக்னல் வந்து பிரிக்கப்படாமல் கிடந்தால் வலக்கோடியிலிருந்து மூன்றாவது இலக்கம் 1 ஆகியிருக்கும். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் மறுபடி கில் அடிக்கிற ஆசையே போய்விடும்.

ஆகவே முதல் கேள்வி, இது எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான். பி.எஸ் கமாண்ட் காட்டும் ஸ்டேட் என்ற பத்தியில் உள்ள ஒரே ஒரு எழுத்தில் பாதி பதில் இருக்கிறது.

இசட் என்றிருந்தால் அது ஸாம்பி. ஏற்கெனவே செத்துவிட்டது, மெமரி எல்லாம் திரும்பக் கொடுத்தாயிற்று. அதன் முடிவைக் கேட்டு வாங்கவேண்டிய தாய் ப்ராசஸ் வரவில்லை, அதனால் பெயர் மட்டும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு 9 அடிப்பது செத்த பாம்பை அடிப்பது. தாயைச் சரிசெய்ய வேண்டும், அல்லது தாயை நிறுத்த வேண்டும். அப்போது முதல் ப்ராசஸ், அதாவது நம்பர் 1, பொறுப்பேற்றுச் சுத்தம் செய்துவிடும். ஒரு அப்ளிகேஷனைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் மட்டும் கவனம். அங்கே நம்பர் 1 பெரும்பாலும் நம்முடைய அப்ளிகேஷனாகவே இருக்கும். அதற்கு இந்த வேலை தெரியாது.

டி என்ற கேபிடல் எழுத்து, அதாவது டைகரின் டி, நிறுத்திவைக்கப்பட்டது என்று அர்த்தம். யாரோ கன்ட்ரோல் இசட் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். 15 அனுப்பினால் அது கிடப்பில் கிடக்கும், தொடரச் சொல்லும் சிக்னல் வரும்வரை. 9 உடனே வேலை செய்யும்.

எஸ், அதாவது சாதாரணத் தூக்கம், அல்லது ஆர், அதாவது ஓட்டம், என்றிருந்து 15-க்கு மசியவில்லையென்றால் பெரும்பாலும் குற்றம் நம் புரோகிராமில்தான். ஒரே புரோகிராமுக்குள் தனித்தனி இழைகளாக ஓடும் இரண்டு த்ரெட்கள், ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்திருக்கும். அல்லது மூடும்போது ஓடவேண்டிய கோடே சுழன்றுகொண்டிருக்கும். 9 இங்கே வேலை செய்யும். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். முதலில் ஓடும் புரோகிராமுக்குள் எட்டிப்பார்க்கும் ஜி.டி.பி-யோ, ஜாவா என்றால் ஜேஸ்டாக்கோ போட்டு எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொன்றபிறகு சாட்சி கிடைக்காது. அப்புறம், கொன்றது உண்மையிலேயே செத்ததா என்று ப்ராசஸ் நம்பரையும் அது தொடங்கிய நேரத்தையும் பாருங்கள். சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி போன்ற ஒன்று பின்னாலிருந்து உடனுக்குடன் புதிதாக எழுப்பிக்கொண்டிருக்கும்போது, 'சாகவே மாட்டேன் என்கிறது' என்று அரை மணி நேரம் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது டெல்லியின் டி. நான் சொன்ன எழுப்பக்கூடாத தூக்கம் இதுதான். ஏன் இப்படி ஒரு பிடிவாதத்தை வைத்தார்கள்? ஒரு ப்ராசஸ் டிஸ்கிடம் தரவு கேட்டிருக்கிறது. டிஸ்க் அதை மெமரியில் குறிப்பிட்ட இடத்தில் நேரடியாக எழுதப்போகிறது. நடுவில் ப்ராசஸைப் பிடுங்கி எறிந்து அந்த மெமரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், டிஸ்க் எழுதுவது அவர் தலையில் விழும். பிடித்திருந்த பூட்டுகளை அவிழ்க்கவும் ஆளிருக்காது. நல்ல டிஸ்கில் இந்தத் தூக்கம் சில மில்லி வினாடிதான். நம் கண்ணில் படாது. பதில் சொல்லவேண்டிய டிஸ்கோ, நெட்வொர்க் ஸ்டோரேஜோ வாயை மூடிக்கொண்டால்தான் நிமிடங்கள், மணிகள்.

டெல்லியின் டி நிலையில் உள்ளதை, ப்ராசஸ் கெர்னலிடம் கேட்பதை ஒட்டுக்கேட்கும் எஸ்ட்ரேஸோ ஜி.டி.பி-யோ கொண்டு நோண்டாதீர்கள். அவையும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். அதே ப்ராக் டைரக்டரியில் ஸ்டாக் என்ற ஃபைலை முழு அதிகாரமுள்ள ரூட்டாகப் படித்தால் கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று தெரியும். பெயர்களில் என்.எஃப்.எஸ், அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை, என்று வந்தால் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பக்கம் போங்கள். கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டையும் பாருங்கள். பல சர்வர்களில் 120 வினாடிக்கு மேல் இப்படிக் கிடக்கும் ப்ராசஸைப் பற்றி கெர்னலே புகார் எழுதியிருக்கும். டிஸ்க் பழுதென்றால் அந்தப் பிழைகளும் அங்கேதான் இருக்கும். இன்னொரு அடையாளம் லோட் ஆவரேஜ், அதாவது ஓடும், ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரிக் கணக்கு. 1993-லிருந்து லினக்ஸ் இந்தத் தூக்கத்தில் இருப்பவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறது. சி.பி.யு சும்மா இருக்க, லோட் மட்டும் 40, 50 என்று ஏறினால் யாரோ கூட்டமாக எதற்கோ வரிசையில் நிற்கிறார்கள்.

ரீபூட் செய்தால் தீருமே என்பீர்கள். சாதாரண ரீபூட்டும் அதே ஸ்டோரேஜை அன்மவுன்ட் செய்யப்போய், அதாவது கழற்றிவிடப்போய், அங்கேயே நிற்கக்கூடும். கெர்னலுக்கே நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ரிக்யூ வழியாக உடனடி ரீபூட் இருக்கிறது. டிஸ்கில் எழுதி முடிக்காததை அது பொருட்படுத்தாது. எனக்கு அது கடைசிக் கதவு.

என் கதைக்கு வருகிறேன். அந்த சர்வரில் ஓடியது கெர்னலின் 2.6.18 வெர்ஷன். 2008-ல் வந்த 2.6.25-ல்தான், மற்ற சிக்னலுக்கு எழாமல் சாகடிக்கும் சிக்னலுக்கு மட்டும் எழும் மூன்றாவது வகைத் தூக்கத்தைச் சேர்த்தார்கள், என்.எஃப்.எஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இன்றைய சர்வரில் என் முதல் 9-லேயே அது போயிருக்க நிறைய வாய்ப்புண்டு. அன்றைக்கு எனக்கு அந்த வசதி இல்லை. காத்திருக்கும் ஃபங்ஷனின் பெயர் என்.எஃப்.எஸ் என்று தொடங்குவதைப் பார்த்தபிறகுதான் ஸ்டோரேஜ் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்தேன். பதிலில்லை. அதைப் பார்த்துக்கொள்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். திட்டிக்கொண்டே போய் அதை ஏற்றிவிட்டார். அவர் போனை வைப்பதற்குள் என் திரையில் இரண்டு டி.எஃப்-களும் வெளியேறின. பேக்கப் ப்ராசஸை பி.எஸ்-ல் தேடினேன். காணோம். எப்போதோ நான் அனுப்பிய 9, அது வாசலுக்கு வந்த கணத்தில் பிரிக்கப்பட்டுவிட்டது. இதற்குள் எனக்கு மனசு மாறியிருந்தது. ஸ்டோரேஜ் வந்துவிட்டதே, விட்ட இடத்திலிருந்து பேக்கப் தொடர்ந்திருக்குமே என்று. கொடுத்த சீட்டைத் திரும்பக் கேட்க முடியாது. முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன், முடியும்போது விடிந்திருந்தது.

நன்றி, வணக்கம்.