சாக்லேட் கட்டியோடு குழந்தைக்கு முயற்சி: மாத்திரையா, ஆபரேஷனா, ஐவிஎஃப்பா?

சரி, அடுத்த கேள்வி. திண்டுக்கல்லில் இருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 31, கல்யாணமாகி மூன்று வருடம். மாதவிலக்கின் முதல் இரண்டு நாளும் படுக்கையை விட்டு எழ முடியாத வலி. வயிற்றுவலி என்று ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.5 சென்டிமீட்டருக்குச் சாக்லேட் கட்டி இருப்பது தெரிந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர். அந்த ஸ்கேனை இன்னொரு டாக்டரிடம் காட்டினால் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், எடுத்துவிடலாம் என்கிறார். மூன்றாவதாகக் கருத்தரிப்பு மையம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே ஏஎம்ஹெச் (எத்தனை முட்டை மிச்சம் என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை) 1.4 என்று பார்த்துவிட்டு நேராக ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்குகிற சோதனைக் குழாய் முறை) போகலாம் என்றார்களாம். "கட்டியும் கரைய வேண்டும், குழந்தையும் தங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மருந்து இல்லையா டாக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

இல்லைம்மா. அப்படி ஒரு மருந்து இன்று வரை இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால் அந்த மூன்று டாக்டர்கள் மீதும் உங்களுக்குக் கோபம் வராது.

கருப்பைக்குள் மெத்தை போல ஒரு சவ்வு மாதாமாதம் வளரும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தமாக வெளியேறும். அதே மாதிரியான சவ்வு சினைப்பையில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அதுவும் மாதாமாதம் கசியும். ஆனால் அந்த ரத்தத்துக்கு வெளியே வர வழி கிடையாது. தேங்கித் தேங்கி, பழுப்பு நிறத்தில் குழம்பு மாதிரி ஆகிவிடும். 1921-லேயே அமெரிக்காவில் சாம்ப்சன் என்ற டாக்டர் இதைச் சாக்லேட் கட்டி என்றே குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். "நான் சாக்லேட்டே சாப்பிடுவதில்லையே டாக்டர்" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்லிவிடுகிறார்கள். பார்க்க அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சவ்வுக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன். முட்டை வளரும்போது சுரப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். கட்டியைப் பட்டினி போட வேண்டுமென்றால் முட்டை வளர்வதையே நிறுத்த வேண்டும். தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட், மாதம் ஒருமுறை போடுகிற லியூப்ரோலைட் ஊசி, எல்லாம் செய்கிற வேலை ஏறக்குறைய இதுதான். வலி நன்றாகக் குறையும், கட்டியும் கொஞ்சம் சுருங்கலாம். ஆனால் முட்டையே வெளிவராத மாதத்தில் கரு எப்படித் தங்கும்? மாத்திரையை நிறுத்தினால் கட்டி பழையபடி வளரத் தொடங்கலாம். ஆறு மாதம் சாப்பிட்டதால் அதற்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதும் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், கருத்தரிப்பு வாய்ப்பைக் கூட்டுவதற்காக என்று இந்த மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. டைனோஜெஸ்ட் மோசமான மருந்து இல்லை. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம், வலி நின்றால் போதும் என்பவர்களுக்கு நானே எழுதுகிறேன்.

அப்போ வெட்டி எடுத்துவிடலாமே? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெந்த உருளைக்கிழங்கை உரிக்கும்போது தோலோடு கிழங்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். இந்தக் கட்டியைச் சுற்றி ஓடு மாதிரி இருக்கிற உறையை உரிக்கும்போதும் அப்படித்தான். ஒட்டிக்கொண்டு வருகிற சதையில் உங்கள் முட்டைகள் இருக்கின்றன. ரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்தால் அதிலும் கொஞ்சம் போகும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஏஎம்ஹெச் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உங்களுடையது 1.4. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 1-க்குக் கீழே போய்விட வாய்ப்பிருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டி இருந்து இரண்டையும் உரித்தால் இழப்பு இன்னும் அதிகம். அதற்காக ஊசியால் உறிஞ்சி மட்டும் எடுத்தால் ஓடு உள்ளேயே இருக்கும், பெரும்பாலும் கட்டி திரும்ப வந்துவிடும்.

ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு. மருந்துக்கு அடங்காத வலி, ஸ்கேனில் புற்றுநோய் சந்தேகம், முட்டை எடுக்க ஊசி போகவே வழியில்லாதபடி கட்டி மறைத்துக்கொண்டிருப்பது, இப்படிப்பட்ட நிலைமைகளில் செய்துதான் ஆக வேண்டும். அனுபவமுள்ள கை செய்தால், அதன் பிறகு இயற்கையாகவே கருத்தரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதே சினைப்பையில் இரண்டாவது முறை கத்தி வைப்பதற்குத்தான் நான் மிகவும் யோசிப்பேன். இன்னொன்று, சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேன்சர் என்று அழுதுகொண்டு வருகிறார்கள். இந்தக் கட்டி இருந்தாலே அந்த எண் கூடும். அதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுதி அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். கணவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மூன்று டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உங்களுக்கு ஆகிவிட்டது. அவருக்கு விந்தணுப் பரிசோதனை ஆயிற்றா? ஐவிஎஃப், ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் முன்னால் அது வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதில் குறை இருந்தால் கட்டியை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே மாறிவிடும். அடுத்தது, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 31 வயதுக்கு ஏஎம்ஹெச் 1.4 கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த எண் எத்தனை முட்டை மிச்சம் என்பதைத்தான் சொல்லும், தானாகக் கரு தங்காது என்று சொல்லாது. என்னிடம் வந்திருந்தால் லெட்ரோசோல் கொடுத்து முட்டையை வளர்த்து, ஐயுஐ, அதாவது விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்துகிற முறையை, இரண்டு மூன்று மாதம் பார்க்கலாமா என்று பேசுவேன். சினைப்பையில் கட்டி இருக்கிறவர்களுக்கு ஐயுஐ எவ்வளவு கை கொடுக்கும் என்பது உறுதியில்லை, அதனால் அதிலேயே ஒரு வருடத்தை ஓட்ட மாட்டேன். தங்கவில்லை என்றால் ஐவிஎஃப், கட்டியை அப்படியே வைத்துக்கொண்டு. முதலில் கட்டியை எடுத்துவிட்டு ஐவிஎஃப் செய்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை. முட்டை எடுக்கும்போது ஊசி கட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வோம், கிருமி தொற்றாமல் இருக்க ஆன்டிபயாடிக்கும் கொடுப்போம். வலி தாங்கவே முடியாமல் ஆபரேஷன்தான் என்று ஆனால், அதற்கு முன் முட்டையையோ கருவையோ உறைய வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

வலிக்கு மெஃபனமிக் ஆசிட் மாதிரி மாத்திரைகளை மாதவிலக்கு நாட்களில் போட்டுக்கொள்ளலாம், வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. முட்டை வெடிக்கிற நடு மாதத்தில் வேண்டாம், வெடிப்பதை அது தடுக்கக்கூடும். திடீரென்று ஒரே பக்கம் கடுமையான வலி, வாந்தி, காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டி உடைந்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

"ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்து மாதவிலக்கு வராத மாதங்களில் வலி அடங்கியிருக்கும். பிறகு திரும்பலாம். அப்படித் திரும்பும்போதுதான் டைனோஜெஸ்ட் சாப்பிட வேண்டிய நேரம்.

மூன்று டாக்டரும் மூன்று விதமாகச் சொன்னது இதனால்தான். முதலாமவரிடம் வலி என்று போனீர்கள், வலிக்கு மருந்து தந்தார். இரண்டாமவரிடம் ஸ்கேனை நீட்டினீர்கள், கட்டிக்கு வழி சொன்னார். மூன்றாவது இடத்தில் குழந்தை என்றீர்கள். மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. முதல் டாக்டரிடமே திரும்பப் போய், "நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், இந்த மாத்திரை வேண்டுமா?" என்று கேளுங்கள். போகும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.