எருக்கஞ்செடிக்கும் ஒரு பேரேடு

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, முன்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பட்டாம்பூச்சி பார்க்க வால்பாறைக்குத்தானே போக வேண்டும் என்று வாசலில் ஒருவர் கேட்டார். நம் மாநிலப் பட்டாம்பூச்சிக்குத் 'தமிழ் மறவன்' என்று பெயர்; 2019இல் அறிவித்தார்கள். மறவர் சீமை என்று பேரெடுத்த நம் பக்கம் அதைப் பார்க்க முடியாது, அது மலைக்காட்டுக்காரன். போகட்டும். நமக்கு எருக்கு இருக்கிறது.

பங்குனியில் காரைக்குடிக்கு வெளியே எந்தச் செம்மண் தரிசில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், எருக்கு மட்டும் பச்சையாக நிற்கும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான். எருக்கின் நச்சுப்பால் அதன் புழுவை ஒன்றும் செய்யாது. பூச்சியாகிப் பறக்கும்போதும் பறவைகளுக்கு அது கசப்புத்தான். அதனால்தான் அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி மிதந்து போகும்.

இந்தக் கசப்புப் பெயரைக் கடன் வாங்கிப் பிழைக்கிற ஒருத்தி இருக்கிறாள். புத்தகத்தில் டனைட் எக்ஃப்ளை என்று போட்டிருக்கும். பெண்பூச்சி அச்சாக வெந்தய வரியன் போலவே இருக்கும். ஆணோ கருஞ்சிறகு, பக்கத்துக்கு மூன்று வெள்ளைப் பொட்டு. ஒரே குடும்பம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பின்சிறகின் நடுவே பாருங்கள். வெந்தய வரியனில் பெண்ணுக்கு மூன்று கரும்புள்ளி, ஆணுக்கு நான்கு. அவளுக்கு நடுவில் ஒன்றுமில்லை, மேல்விளிம்பில் மட்டும் ஒன்று.

பார்க்கிற பட்டாம்பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வழக்கம். இது தெரியாமல் நான்கு வருடம் எல்லாவற்றையும் வெந்தய வரியன் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்தபோது நோட்டைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. கிழிக்கவில்லை. 'இதுவரை எழுதியதில் இரண்டும் கலந்திருக்கும்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுத் தொடர்ந்தேன். பர்மாக் கடைக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதிய ஊர் இது. அடித்துத் திருத்தலாம், மறைக்கக் கூடாது.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்டு என்பவர் 1970களில் வகுத்தது. ஒரே பாதை, வாரம் ஒருமுறை, ஒரே சீரான நடை. இரு பக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர். அதற்குள் வந்தால்தான் கணக்கு. வேலிக்கு அப்பால் எவ்வளவு அழகாகப் பறந்தாலும் சேர்க்கக் கூடாது. இது எனக்கு இன்றும் கஷ்டம்தான்! எதுவும் வராத வாரம் 'இல்லை' என்று எழுதுங்கள். வெறும் தாளைப் பார்க்கிறவருக்கு நீங்கள் போகவில்லையா, பூச்சி வரவில்லையா என்று எப்படித் தெரியும்?

ஆச்சிமார்களுக்கு நடை கூட வேண்டாம். பின்கட்டுக் கறிவேப்பிலையில் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகியின் புழுவாக இருக்கும். நாலு கொத்து போகும், சரி. சாம்பாருக்கு அடுத்த வீட்டில் கேட்டால் தர மாட்டார்களா?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊரணிப் படியில் நிற்பேன். ஈரச் சேற்றில் உப்பு உறிஞ்ச ஆண்பூச்சிகள் இறங்கும் இடம் அதுதான். தொப்பி போதும், குடை வேண்டாம். நிழல் மேலே விழுந்தால் எழும்பிவிடும்.