கருவாட்டுக் கம்பும் குளிர்கால மனச்சோர்வும்: ஐஸ்லாந்துக் கணக்கு

அவையோருக்கு வணக்கம். "மீன் தின்கிறவர்களுக்கு மனச்சோர்வு வராது, ஐஸ்லாந்தைப் பாருங்கள்" என்றொரு பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. பார்த்துவிடலாம். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல, மீன் காயப்போடும் கொட்டகை.

காட் (cod) என்ற குளிர்கடல் மீனை உப்பே தொடாமல் காயவைப்பது அந்தத் தீவின் பழைய முறை. தலையை வெட்டி, குடலை எடுத்து, கழுவி, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரக்கம்பில் தொங்கவிடுவார்கள். குளிர்காலக் கடைசியில் ஏற்றினால் இறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பச்சை மீனில் 80 சதவீதம் தண்ணீர், இறக்கும்போது 15. இதற்குக் குளிர் 0 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். கடுமையாக உறைந்தால் சதைக்குள் பனிப்படிகம் வளர்ந்து நாரைக் கிழித்துவிடும். காய்ந்தபின் பஞ்சு மாதிரி இருக்கும். வெயில் முந்திக்கொண்டால் ஈ முட்டை வைக்கும், புழு விழும்.

வானத்தை நம்ப முடியாது என்பதால் இப்போது காட் தலைகளைப் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயே, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் சூடாக்கிய காற்றில் உலர்த்துகிறார்கள். முதல் கட்டம் தட்டுகளில்: 18 முதல் 25 டிகிரி, ஒரு நாள் அல்லது சற்றுக் கூடுதல். ஈரம் 50-55 சதவீதத்துக்கு இறங்கியதும் பெட்டிகளுக்கு மாற்றி, 22 முதல் 26 டிகிரிக் காற்றை அடியிலிருந்து செலுத்தி, மூன்று நாளில் 15 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். அவசரப்பட்டு முதல் கட்டத்திலேயே சூட்டைக் கூட்டினால் மேல்பரப்பு இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அழுகும். இந்தத் தலைகளில் பெரும்பகுதி நைஜீரியச் சூப்புக்குக் கப்பலேறுகிறது.

உப்புக்கருவாடு தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உப்பை விரும்பும் நுண்ணுயிர் பிடித்து இளஞ்சிவப்பாவது அங்கேயும் உண்டு, தூத்துக்குடியிலும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காட் சதையில் கொழுப்பு 1 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் அது மாதக்கணக்கில் காற்றில் தொங்கியும் சிக்கு வாடை அடிக்காமல் நிற்கிறது. கொழுத்த ஹெர்ரிங் மீனை அப்படித் தொங்கவிட்டால் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடும். அதை உப்போடு பீப்பாயில் அடுக்கிக் காற்றை அடைப்பார்கள். காட் மீனின் எண்ணெயெல்லாம் ஈரலில். அதைத் தனியே எடுத்து 'லீசி' என்று கரண்டியில் குடிக்கிறார்கள். காய்ந்த மீனைக் கடிக்கும்போது அதன்மேல் தடவிக்கொள்வது வெண்ணெய்! ஆகவே மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு மனத்தைக் காக்கிறது என்று வாதிடுகிறவர், "வாரத்தில் எத்தனை நாள் மீன்?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எந்த மீன், எப்படிப் பதப்படுத்தியது, ஈரல் எண்ணெய் உண்டா என்று கேட்க வேண்டும்.

சரி, எண்கள். டிசம்பரில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் நான்கு மணி நேரம்தான். அப்படியிருந்தும் மாக்னுஸ்ஸோனும் ஸ்டெஃபான்ஸ்ஸோனும் ஐஸ்லாந்தியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி 1993இல் வெளியிட்ட ஆய்வில் பருவகால மனச்சோர்வு, அதாவது குளிர்காலந்தோறும் வந்து போகும் சோர்வு, 3.8 சதவீதம் பேருக்கு. அதே கேள்வித்தாளை வைத்து அமெரிக்காவில் எடுத்தபோது, எவ்வளவோ தெற்கே இருக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் 9.7. மீன்கட்சிக்காரர்கள் இங்கேதான் கைதட்டுவார்கள். ஆனால் கனடாவின் மனிடோபாவில் குடியேறிய ஐஸ்லாந்தியர்களின் வழிவந்தவர்களிடம் எடுத்தபோது 1.2 சதவீதம்தான். கடலை விட்டுப் போய்த் தலைமுறைகள் ஆனவர்கள் அவர்கள். பரம்பரை காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை இது வலுவாக்குகிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். தபாலில் போன கேள்வித்தாள் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லும் நோயறிதலும் ஆகாது.

இந்த 3.8ஐ எடுத்துக்கொண்டு "ஐஸ்லாந்தில் மனநோயே குறைவு" என்று எழுதுகிறார்களே, அதுதான் பெரிய பிழை. ஐஸ்லாந்து மனநல மருத்துவர் தோமாஸ் ஹெல்காசோன் 1895 முதல் 1897 வரை அந்நாட்டில் பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முதுமைவரை பின்தொடர்ந்து 1964இல் கணக்குக் கொடுத்தார். குடிப்பழக்கம், லேசான பதற்றம் எல்லாம் சேர்த்து, அறுபது வயதுக்குள் ஏதாவதொரு மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. அவர்களும் காட் தின்று வளர்ந்தவர்கள்தான்.